பவுனின் ரத்தம் என்ன சொன்னது

வியாழக்கிழமை, 2021 ஜூலை 8. காலை 6.40.

கேட்டிலேயே பவுனை நிறுத்திவிட்டார்கள்.

பூனாவின் கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய பதினெட்டு வீட்டுக் கட்டடம் அது. ஆறு வருஷமாகப் பவுன் அந்தக் கேட் வழியாக வந்து நான்கு தமிழ் வீடுகளில் சமைத்துவிட்டுப் போகிறாள். அன்றைக்கு வாட்ச்மேன் சுனில் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினான். பவுனுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. பால் வாங்க இறங்கி வந்த 204-ஆம் வீட்டு கிரிஜாதான் அதை வாங்கிப் படித்தாள்.

'302-ஆம் வீட்டு சூர்யநாராயணன் ஜூலை 1 அன்று கொரோனாவால் இறந்தார். கட்டட முகாமில் எடுத்த ஆன்டிபாடி பரிசோதனையில், சமையல்காரி பவுனுக்குக் கொரோனா வந்து போனது நிரூபணம் ஆகியுள்ளது. நோயை மறைத்து வேலைக்கு வந்திருக்கிறார். இனி அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பின் போலீசில் புகார் தரப்படும். அச்சுதன், செயலாளர்.'

கிரிஜா அதைத் தமிழில் சொன்னாள். முடிந்ததும் பவுன் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அய்யாவ நான் கொன்னுட்டேங்கிறாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க பவுனக்கா."

"நேத்து சாயங்காலம் செக்ரட்டரி சார் கூப்பிட்டாரு. காய்ச்சல் வந்தத மறைச்சது தப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு, போலீசு வராது, வேற கட்டடத்துல வேல பாத்துக்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குக் காய்ச்சலே வரல. வராத காய்ச்சலுக்கு எதுக்குக் கையெழுத்து? போலீசு வரட்டும். நானும் நாலு வார்த்த பேசுவேன்."

சுனில் கேட்டை மூடினான். பவுன் திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நடைபாதைக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். பெரும்பாலானவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தாண்டினார்கள்.

கிரிஜாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர்க்காரி, வயது நாற்பத்தொன்று. போசரியில் கியர் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தரப் பரிசோதகர். ஒரு உருப்படியைக் கையில் கொடுத்து "இது சரியில்லை" என்று யாராவது சொன்னால், அவள் முதலில் உருப்படியைப் பார்க்க மாட்டாள். "எதை வெச்சு அளந்தீங்க?" என்று கேட்பாள். இந்தக் கேள்வியால் அவளுக்குப் பதவி உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. அவள் அதற்காகக் கேள்வியை நிறுத்தவும் இல்லை.

பால் பாக்கெட்டை சுனிலிடமே கொடுத்துவிட்டு அவளும் கல்லில் உட்கார்ந்தாள்.

"பவுனக்கா, தடுப்பூசி போட்டீங்களா?"

"ரெண்டும் போட்டாச்சு. முனிசிபாலிட்டி ஸ்கூல்ல."

"எந்த ஊசி?"

"அது என்னமோ. சீட்டு இருக்கு." ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள். ஏப்ரல் 10, மே 8. கோவாக்சின்.

கிரிஜா அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"ஜூன் மாசத்துல 302 மாமி வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

"மருந்துக் கடப் பையன் வருவான், வெளியவே வெச்சுட்டுப் போயிருவான். கேஸ்காரன் ஒருவாட்டி வந்தான். அய்யாதான் யாரையும் உள்ள விட மாட்டாரே."

"கட்டடத்துல இருக்கிறவங்க?"

பவுன் கண்ணை இடுக்கி யோசித்தாள். "அது வேணா சொல்லலாம். டம்ளர் கழுவறவ நான்தான? மாமியும் அய்யாவும் ரெண்டு டம்ளரு. மூணாவது விழுந்தா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். ஜூன்ல ரெண்டு நாள் மூணு விழுந்துச்சு. ஒருநாள் சுந்தரராமன் சார், பேப்பர் படிக்க. இன்னொருநாள் செக்ரட்டரி சாரு, என்னமோ தீர்மானத்துல அய்யா கையெழுத்து வேணும்னு. ஒரு மணி நேரம் இருந்தாரு. ஏசி ரூம்ல, மாஸ்க்க தாடைல எறக்கிட்டு காப்பி குடிச்சாங்க."

"எந்தத் தேதி?"

"அம்மாவாச முடிஞ்சு நாலாம் நாளு. திங்கக்கெழம."

ஜூன் 14. சூர்யநாராயணனுக்குக் காய்ச்சல் வந்தது ஜூன் 18.

வெள்ளிக்கிழமை, ஜூலை 9. மாலை 7.15.

302-இன் கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. உள்ளே பட்டு மாமி. கணவர் போய் எட்டு நாள்தான் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் ஊசி போட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, கடைசிவரை தடுப்பூசி போடாமலே இருந்துவிட்டார் மனுஷர். பதினைந்து மாசம் வாசலைத் தாண்டவும் இல்லை.

"பவுன் விஷயமா வந்திருந்தா வேண்டாம் கிரிஜா. அவ மூஞ்சில முந்தாநேத்திக்கே கதவைச் சாத்திட்டேன். என் கையால எத்தனை புடவை குடுத்திருக்கேன் தெரியுமா அவளுக்கு?"

"ஒரே கேள்வி மாமி. ஜூன்ல உங்காத்துக்கு யார் வந்தா?"

"ஒருத்தரும் வரலை. பவுன் ஒருத்திதான். செக்ரட்டரி கேட் ரிஜிஸ்தரைப் பாத்துட்டுத்தானே சொன்னார்!"

கிரிஜா படியிறங்கிப் போய் ரிஜிஸ்தரைப் பார்த்தாள். பவுன், மருந்துக் கடை, கேஸ். வேறு பெயரே இல்லை. எப்படி இருக்கும்? கட்டடத்துக்குள் குடியிருப்பவர் ஐந்தாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு இறங்கினால் யார் எழுதப்போகிறார்கள்? மாமியின் கணக்கிலும் அவர் 'வந்தவர்' இல்லை. வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை மட்டும் எழுதும் நோட்டு அது. அதில் தேடினால் வேலைக்காரிதான் கிடைப்பாள். இவ்வளவு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து இதை ஒரு விசாரணை என்று நம்பினார்களே என்று கிரிஜாவுக்குக் கொதித்தது.

இரவு 8.05. கட்டடத்தின் தலைவர் சுந்தரராமன் வீடு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூலை 4 ஞாயிறு நடந்த முகாமில் வீட்டுக்கு வீடு வந்து ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தொரு பேருடைய ரிப்போர்ட்டும் அவரிடம் ஒரே ஃபைலில் இருந்தது.

"கிரிஜா, இதெல்லாம் அந்தரங்கம்மா. காட்டக்கூடாது."

"பவுனோட ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்களே சார்? அவங்களுக்கு அந்தரங்கம் கிடையாதுங்களா?"

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஃபைலை நகர்த்தி வைத்தார்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆன்டிபாடி, இரண்டு வரி. 'எஸ்' என்பது வைரஸின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் முள்ளுக்கு எதிராக உடம்பு செய்து வைத்தது. 'என்' என்பது வைரஸின் உள்ளே இருக்கும் சரக்குக்கு எதிரானது. இரண்டாம் பக்கத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் டி. முகாம் என்றால் கூட நாலு டெஸ்ட் சேர்த்துக் கொடுப்பது பூனாவில் வழக்கம்.

பவுன்: எஸ் பாசிட்டிவ், என் பாசிட்டிவ்.

சுந்தரராமன்: எஸ் பாசிட்டிவ், என் நெகட்டிவ்.

அச்சுதன்: எஸ் நெகட்டிவ், என் நெகட்டிவ்.

"பாத்தியா?" என்றார் சுந்தரராமன். "எஸ் எல்லாருக்கும் ஊசியால வரும். 'என்' வந்தா நிஜமாவே நோய் வந்திருக்குன்னு அர்த்தம். டாக்டர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல தெளிவா போட்டிருந்தார். அச்சுதனைப் பாரு, பளிங்கு மாதிரி ரிப்போர்ட். தானே முதல்ல குரூப்ல போட்டான்."

"முதல் பக்கம் மட்டும் போட்டார்" என்றாள் கிரிஜா. அவள் இரண்டாம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. முன்னால் போனாள், பின்னால் வந்தாள். இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேனுங்க சார்."

சனிக்கிழமை, ஜூலை 10. காலை 6.10.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் கேட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அச்சுதன் ஓடிவந்து ஏறினார். நாற்பத்தாறு வயது. ஜிம்முக்குப் போகும் தோள்.

"சுனில், இந்த ஹாரன் தினமும் உண்டா?" கிரிஜா ஹிந்தியில் கேட்டாள்.

"தினமும் மேடம். முதல் மாடி தாத்தா தினமும் திட்டுவார். ஜூன்லதான் ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தார். பஸ் நிக்கவே இல்லை."

"எப்போதிலிருந்து?"

"பத்தாம் தேதி வியாழக்கிழமை சார் பஸ்ல போனார். ஒன்பது மணிக்கே ஆட்டோவில் திரும்பி வந்துட்டார். அதுக்கப்புறம் பஸ் நிக்கலை. அவர் மனைவி வைஷு மேடம் அப்போ நாசிக்ல அம்மா வீட்டுல இருந்தாங்க. அவங்க இருபத்தஞ்சாம் தேதி வந்தப்புறம்தான் பஸ் மறுபடி நின்னுச்சு."

காலை 11.30. கிரிஜா, ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் கிருஷ்ணப்ரியாவுக்குப் போன் செய்தாள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டாள். பேச்சு நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

மதியம் கேட்டுக்கு வெளியே பவுனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். மூன்றாவது நாளாக அதே கல்.

"வெயில்ல எதுக்கக்கா உக்காந்திருக்கீங்க? வீட்டுக்குப் போங்க."

"போனா, ஒளிஞ்சுக்கிட்டாம்பாங்க" என்றாள் பவுன். பிறகு குரல் இறங்கியது. "ஆறு வருசம் கிரிஜாம்மா. அய்யாவுக்கு உப்பு கம்மி, புளி கம்மி, எல்லாம் என் கையில. அவரு செத்த அன்னிக்கு கீழயே நிறுத்திட்டாங்க. ஒரு தடவ போயி அழக்கூட விடல."

கிரிஜா பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 11. காலை 11.00.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இடைவெளி விட்டு. எல்லோர் முகத்திலும் மாஸ்க். கூட்டம் ஹிந்தியில் ஆரம்பித்து, சூடு ஏறியதும் தமிழ் வீட்டார் தமிழுக்குத் தாவினார்கள். மற்றவர்களுக்கு சுந்தரராமன் மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். பவுனைக் கிரிஜா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். சுனில் தடுக்கவில்லை.

அச்சுதன் எழுந்தார். "ரிப்போர்ட் பேசுது. நாம பேச என்ன இருக்கு? புகார் எழுதிட்டேன். கையெழுத்துப் போட்டா போதும்."

"எதை வெச்சு அளந்தீங்க?" என்றாள் கிரிஜா.

"என்னது?"

"பவுனக்காவுக்கு நோய் வந்ததுன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"'என்' பாசிட்டிவ். ஊசியால எஸ் மட்டும்தான் வரும். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எந்த ஊசியால? நாம எல்லாரும் போட்டது கோவிஷீல்ட். அதுல முள்ளோட வரைபடம் மட்டும்தான் உடம்புக்குக் காட்டறாங்க. அதனால எஸ் மட்டும் வரும். பவுனக்கா போட்டது கோவாக்சின். முழு வைரஸையும் கொன்னு, அப்படியே ஊசியில போடறது. முள்ளும் இருக்கும், உள் சரக்கும் இருக்கும். எஸ்ஸும் வரலாம், என்னும் வரலாம். நோய் வரணும்னு அவசியமே இல்லை. ரிப்போர்ட்டுக்கு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு. டாக்டரும் சொல்லியாச்சு. இந்த ரத்தத்தை வெச்சு அவங்களுக்கு நோய் வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

சுந்தரராமன் அவசரமாகப் பவுனின் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். உதடுகள் அசைந்தன. தாளை மெதுவாக மடியில் வைத்தார்.

"சரி, அவ இல்லைன்னே இருக்கட்டும்" என்றார் அச்சுதன். "அப்ப விடுங்க. யார்னு தெரியாது. முடிஞ்சுது."

"முடியலைங்க. இன்னொரு ரிப்போர்ட் பேசணும். உங்களுது."

"என்னுது ரெண்டுமே நெகட்டிவ்!"

"அதுதான் தப்பு." கிரிஜா செல்போனை உயர்த்தினாள். "ஏப்ரல் ரெண்டு, மே பத்து. ரெண்டு டோஸும் போட்டாச்சுன்னு சர்டிபிகேட்டை நீங்கதான் குரூப்ல போட்டீங்க. இந்தக் கட்டடத்துல ரெண்டு டோஸ் போட்ட எல்லாருக்கும் எஸ் ஏறியிருக்கு. எழுபது வயசு சுந்தரராமன் சாருக்கு ஏறியிருக்கு. உங்களுக்கு மட்டும் சைபர். ஆரோக்கியமான ஆளுக்கு அது ரொம்ப அபூர்வம்னு டாக்டர் சொல்றாங்க. நாம எல்லாரும் நெகட்டிவைப் பாத்ததும் நல்லவர்னு நெனச்சுட்டோம். இங்க நெகட்டிவ் வரவே கூடாதுன்னு ஒருத்தருக்கும் தோணலை."

"எனக்கு ஊசி பிடிக்கலையோ என்னவோ."

"இருக்கலாம். அதனால ரெண்டாம் பக்கம் பாத்தேன். ஹீமோகுளோபின் 9.8. தினம் ஜிம்முக்குப் போற ஆம்பளைக்கு. வைட்டமின் டி 14.2. சர்க்கரை 81. அடுத்த ரிப்போர்ட்டைப் பாத்தேன். ஹீமோகுளோபின் 9.7. வைட்டமின் டி 14.3. சர்க்கரை 81. அதுலயும் எஸ், என் ரெண்டும் நெகட்டிவ். நான் பத்தொன்பது வருஷமா இதைத்தாங்க பாக்கறேன். ரெண்டு பீஸ்ல எல்லா அளவும் இப்படி ஒத்துப்போனா, அது ரெண்டு பீஸ் இல்லை. ஒரே பீஸை ரெண்டு தடவை அளந்திருக்காங்க."

"யாரோட ரிப்போர்ட் அது?" என்றார் சுந்தரராமன்.

"இந்தக் கட்டடத்துல ஊசி போடாத பெரியவங்க ஒரே ஒருத்தர். அஞ்சு மாசக் கர்ப்பம். போன வாரம் வரைக்கும் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம்னு அரசாங்கம் சொல்லவே இல்லை." கிரிஜா அச்சுதனையே பார்த்தாள். "இங்க எல்லாக் கம்பெனியிலயும் கேட்டுலயே கொரோனா டெஸ்ட் பண்ணித்தான் உள்ள விடறாங்க. ஜூன் பத்து காலையில அப்படி டெஸ்ட் பண்ணித்தான் உங்களைத் திருப்பி அனுப்பினாங்க. ரெண்டு வாரம் பஸ் நிக்கலை. அதுக்கு நடுவுல, பதினாலாம் தேதி, 302-க்குப் போய் மூடின ரூம்ல ஒரு மணி நேரம் மாஸ்க் இல்லாம உக்காந்தீங்க. நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். முகாம் வந்ததும் உங்க ரத்தத்துல 'என்' வரும்னு உங்களுக்குத் தெரியும். கைய நீட்டல."

"அபாண்டம்! லேப்ல டியூப் மாறிப்போச்சு!"

"மாறியிருக்கலாம். சரி பண்ணிடலாம்." கிரிஜா கேட் பக்கம் கை காட்டினாள். பாதுகாப்பு உடையில் ஒருவர் ஊசிப் பெட்டியோடு நின்றார். "வேற லேப். இப்பவே, எல்லார் முன்னாடியும் குடுங்க. எஸ்ஸும் என்னும் சைபர் வந்தா நான் உங்க கால்ல விழறேன்."

அச்சுதன் சட்டைக் கையை மடக்கவில்லை. மடக்கியிருந்ததை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வேண்டாம் கிரிஜாக்கா. அவர் குடுக்க மாட்டார்."

வைஷு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். முழங்கை மடிப்பில், இரண்டு பக்கமும், மஞ்சளாகிக்கொண்டிருந்த, ஊசி குத்திய கன்றல்.

"ஊசின்னா எனக்கு மயக்கம் வரும், நீயே எனக்கும் சேத்துக் குடுத்துடுன்னார். ரத்தம் எடுக்க வந்தவருக்கு அடுத்த கட்டடத்துக்கு நேரமாச்சு, சரின்னுட்டார். பவுனம்மாவை மாட்டிவிடத்தான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சப்புறம் வாய மூடிட்டு என்னால இருக்க முடியாது."

"வைஷு, உக்காரு."

"மாட்டேன்."

அச்சுதன்தான் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு நாள்தான் தொண்டை கரகரப்பு இருந்தது. ரெண்டு டோஸ் போட்டாச்சே, என்னால யாருக்கு என்ன வந்துடப்போறதுன்னு நெனச்சேன். அவருக்குக் காய்ச்சல்னதும் பயந்துட்டேன்."

"நோய் யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு எந்த ரத்தமும் சத்தியம் பண்ணாது" என்றாள் கிரிஜா. "ஆனா பாசிட்டிவ்னு தெரிஞ்சே ஊசி போடாத கிழவர் வீட்டுக்குப் போனதும், அந்தப் பழியைத் தூக்கி ஒரு சமையல்காரி தலையில வெச்சதும் நீங்கதான். புகாரை எழுதியே வெச்சிருக்கீங்க. பேரை மட்டும் மாத்திக் குடுங்க."

சுந்தரராமன் பவுன் பக்கம் திரும்பினார். "பவுன், கமிட்டி சார்பா நாங்க எல்லாரும் வருத்தம்..."

"உங்க வருத்தத்த நீங்களே வெச்சுக்கங்க சார்." பவுன் எழுந்தாள். அச்சுதன் முன்னால் போய் நின்றாள். "நீங்க மேல வாங்க. எனக்கு நோய் இருந்துச்சு, தெரிஞ்சேதான் வந்தேன்னு மாமிகிட்ட உங்க வாயால சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."

காலை 11.50. மூன்றாவது மாடி.

பட்டு மாமி கதவைத் திறந்தாள். அச்சுதன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் மாமி பவுன் பக்கம் திரும்பினாள்.

"உன் மூஞ்சில கதவைச் சாத்தினேனேடி."

"சாத்தினீங்க" என்றாள் பவுன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"நாளைலேர்ந்து வேலைக்கு வருவியா?"

"வேலையப் பத்தி அப்புறம் பேசலாம் மாமி. இன்னிக்கு நான் துக்கம் விசாரிக்க வந்திருக்கேன்."

பவுன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில், துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமி எதிரே போய் உட்கார்ந்தாள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையைப் பவுன் அப்போதுதான் அழுதாள்.

அச்சுதன் வாசலிலேயே நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.